திராட்சை கைவிட்டது, தேனீ வாழ வைத்தது!

46 வயதில், போகும் நாட்டின் மொழிகூடத் தெரியாமல், குடும்பத்தோடு கப்பல் ஏறுவதென்றால் சும்மாவா?

ஏறினார் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் சார்லஸ் டாடன்ட். அவர் தொடங்கிய தேனீத் தொழிலை அவருடைய வாரிசுகள் 150 ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகிறார்கள்.

திராட்சைக் கனவு

டாடன்ட் பிறந்தது 1817-ல். பிரான்ஸ் நாட்டில் ஷாம்பேன் வட்டாரம். திராட்சை மதுவுக்குப் பேர்போன சீமை அது.

அமெரிக்காவிலும் திராட்சைத் தோட்டம் போடலாம் என்று எண்ணி, 1863-ல் அங்கே போனார். இல்லினாய்ஸ் மாகாணத்தில், மிசிசிபி நதியோரம் உள்ள ஹாமில்டன் ஊர்ப் பக்கம் குடியேறினார். மகன் காமிலுக்கு அப்போது வயது 12. நாட்டில் உள்நாட்டுப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது.

திராட்சை எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. குடும்பம் என்ன செய்யும்?

டாடன்டுக்குப் பிரான்ஸிலேயே தேனீ வளர்ப்பில் ஆசை உண்டு. அந்த ஆசைதான் கைகொடுத்தது. ஒன்றிரண்டு தேனீக் கூடுகளோடு தொழிலைத் தொடங்கினார்.

அகராதியே ஆசான்

ஆங்கிலம் தெரியாதே! அதற்கும் வழி கண்டார். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுக்குச் சந்தா கட்டினார். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பொருள் தேடிப் படித்தார்.

அப்படிப் படித்தவர், பிறகு ஆங்கிலத் தேனீப் பத்திரிகைக்கே கட்டுரை எழுதினார்!

பெட்டி செய்த புரட்சி

அந்த நாளில் தேன் எடுப்பதென்றால் அடையை அறுத்துப் பிழிவார்கள். கூடு பாழாகும். தேனீக்களும் மடியும்.

இதற்கு 1851-ல் வழி கண்டவர் லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார். அடைக்கும் அடைக்கும் நடுவே கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான சந்து இருந்தால், தேனீ அதை நடைபாதையாக விட்டுவிடும். சந்து குறுகினால் பிசின் வைத்து அடைக்கும். அகன்றால் அங்கேயும் அடை கட்டும். இந்த ரகசியத்தை வைத்து, சட்டங்களைக் கழற்றி மாட்டும் பெட்டியை அவர் செய்தார். நம் மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் பெட்டிகளிலும் கழற்றி மாட்டும் சட்டம்தான்.

டாடன்ட் இன்னும் பெரிய பெட்டி வேண்டும் என்றார். ராணித் தேனீ முட்டையிடத் தாராளமாக இடம் இருந்தால் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் தேன் பெருகும் என்பது அவர் கணக்கு. பிரெஞ்சுப் பத்திரிகைகளிலும் இதை எழுதினார். பழைய முறையை விட மனமில்லாதவர்கள் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. இன்று பிரான்ஸிலும் இத்தாலியிலும் டாடன்ட் பெயரால் வழங்கும் பெட்டிகள் ஏராளம்.

மெழுகுத் தகடு

1878-ல் அப்பாவும் மகனும் புதிய வேலை ஒன்றில் இறங்கினார்கள். தேன்மெழுகை மெல்லிய தகடாக்கி, அதில் அறுகோண அச்சைப் பதித்து விற்றார்கள்.

அதனால் என்ன லாபம்? ஒரு ராத்தல் மெழுகு சுரக்க, தேனீக்கள் ஆறு முதல் எட்டு ராத்தல் தேன் வரை சாப்பிடும் என்பார்கள். தகட்டைச் சட்டத்தில் பொருத்திவிட்டால், அஸ்திவாரம் போட்ட வீடு மாதிரி! தேனீ சுவரை எழுப்பினால் போதும். மிச்சமாகும் தேன் வளர்ப்பவருக்கு. டாடன்ட் குடும்பத்தின் தொழில் பெருகியது இந்தத் தகட்டால்தான்.

குருவுக்குக் கைம்மாறு

லாங்ஸ்ட்ராத் முதுமையில் நோயால் தளர்ந்தார். தேனீ பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூலைத் திருத்திப் புதுப்பிக்கும் பொறுப்பு டாடன்ட் குடும்பத்துக்கு வந்தது. அந்தப் பதிப்பு 1889-ல் வெளியாயிற்று. பிறகு அதைப் பிரெஞ்சு மொழியிலும் கொண்டுவந்தார்கள். தாய்நாட்டுக்கு டாடன்ட் செலுத்திய காணிக்கை அது.

சார்லஸ் 1902-ல் காலமானார். மகன் காமிலும் பேரன்மார்களும் தொழிலை வளர்த்தார்கள். 1912-ல் மகன் ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கினார். எந்தப் பத்திரிகை தெரியுமா? அகராதி பார்த்து ஆங்கிலம் கற்ற தந்தை கட்டுரை எழுதினாரே, அதே 'அமெரிக்கன் பீ ஜர்னல்'தான்!

1861-ல் பிறந்த அந்த ஏட்டை டாடன்ட் நிறுவனம் இன்றும் நடத்தி வருகிறது. தலைமை அலுவலகமும் அதே ஹாமில்டனில்தான். தொழில் தொடங்கிய ஆண்டு என்று குடும்பத்தார் குறிப்பிடுவது 1863-ஐ. தாத்தா மொழி தெரியாமல் வந்து இறங்கிய ஆண்டு அது.