வெந்த பயறு: கோப்பையும் கிராமும்

சமையல் குறிப்புகளில் கோப்பைக் கணக்கில் தரப்படும் வெந்த பயறு வகைகளை எடைக்கு மாற்ற முற்படுவோர், ஒரு பொருள் அடைக்கும் இடமாகிய கன அளவும் அதன் எடையும் பயறுக்குப் பயறு வெவ்வேறு விகிதத்தில் அமைவதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்து அட்டவணைகளின்படி, சுமார் 240 மில்லிலிட்டர் கொள்ளும் கோப்பை ஒன்றில் நீர் வடித்த கொண்டைக்கடலை 164 கிராமும், ராஜ்மா 177 கிராமும், முழு மைசூர்ப் பருப்பு 198 கிராமும் இருக்கும். மணிகளுக்கு இடையிலுள்ள காற்றிடத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அடர்த்தியே குவியல் அடர்த்தி எனப்படுகிறது. சிறியதும் எளிதில் குழைவதுமான மைசூர்ப் பருப்பு நெருங்கிப் படிவதால் அதற்கு இவ்வடர்த்தி கூடுகிறது. அதே கோப்பை உலர்ந்த கொண்டைக்கடலையை 200 கிராம் வரை கொள்ளும் என்பது முரணாகத் தோன்றினாலும், வேகும் மணி நீரை உறிஞ்சி எடை கூடுவதைக் காட்டிலும் மிகுதியாகப் பருத்துவிடுகிறது என்பதே அதன் விளக்கம். எனவே உலர் பயறுக்குரிய எண்ணை வெந்த பயறுக்குப் பொருத்துவது பிழையாகும். நீரை வடித்த பின் அளப்பதா, வேகவைத்த நீருடன் அளப்பதா என்பதைக் குறிப்பெழுதுவோர் பலர் சொல்லாமல் விடுவது சிறு குறையன்று. கோப்பையின் இடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டால் மேற்கண்ட எண்கள் எவையும் பொருந்தா.