பாட்டும் உரிமையும்: பில்லி பிராக்கின் இசைப்பணி

பாட்டை இயற்றுபவர் ஒருவர், அதற்கு இசை அமைப்பவர் மற்றொருவர், பாடுபவர் வேறொருவர், அதனை விற்றுப் பொருள் ஈட்டுபவரோ இம்மூவருள் எவரும் அல்லர். இக்கால இசை வணிகத்தின் பொதுவியல்பு இது. முதல் மூன்று பணிகளையும் தாமே செய்து, நான்காவதையும் பிறர் கைக்கு முழுதும் விட்டுவிடாமல் காத்துக்கொள்வோரைச் சுயேச்சைப் பாடகர் எனலாம். அத்தகையோருள் குறிப்பிடத்தக்கவர் இங்கிலாந்து நாட்டு ராக் இசைப் பாடகர் பில்லி பிராக். ஒரு கலைஞர் தம் சொல்லுக்குத் தாமே உரியவராக நிற்பதற்கு என்ன விலை தரவேண்டும் என்பதை அவர்தம் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

பங்க் இசையின் தோற்றம்

1970களின் நடுப்பகுதியில் ராக் இசை பெருஞ்செல்வர்களின் கலையாக மாறியிருந்தது. விலையுயர்ந்த கருவிகளும் பெரிய அரங்குகளும் இன்றி அதனை நிகழ்த்த இயலாது என்ற எண்ணம் பரவியிருந்தது. வேலையின்மை பெருகிய அக்காலத்தில், 1976ஆம் ஆண்டளவில் இலண்டன் இளைஞரிடையே பங்க் இசை எழுச்சி பெற்றது. 'பங்க்' என்னும் சொல்லுக்கு உதவாக்கரை, போக்கிரி என்பன போன்ற இழிபொருள்களே வழங்கின. அப்பெயரையே அவ்விளைஞர்கள் விரும்பி ஏற்றனர். கித்தாரில் இரண்டு மூன்று சுரக்கட்டுகள் தெரிந்தால் போதும், எவரும் மேடையேறலாம் என்பதே அவர்தம் கொள்கை. நயத்தினும் நேர்மையே அவர்களுக்குப் பெரிதாயிற்று.

இளமையும் முதல் முயற்சிகளும்

பில்லி பிராக் 1957 டிசம்பர் 20ஆம் நாள் இலண்டனை அடுத்த பார்க்கிங் என்னும் தொழிலாளர் நகரில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் அவர் வீட்டுப்பாடமாக எழுதிய கவிதையொன்றை, உள்ளூர் வானொலியில் படிப்பதற்கு ஆங்கில ஆசிரியர் தேர்ந்தெடுத்தார். கவிதையின்பால் அவருக்கு நாட்டம் பிறந்தது அப்போதே என்பர். உயர்கல்விக்கு வழிவகுக்கும் தேர்வில் தோல்வியுற்ற மாணவர் அவர் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

1977இல் நண்பருடன் சேர்ந்து 'ரிஃப் ராஃப்' என்னும் பங்க் குழுவைத் தொடங்கினார். 1978 ஏப்ரல் 30ஆம் நாள் இலண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிரான இசைவிழா ஒன்று நடைபெற்றது. 'தி கிளாஷ்' முதலிய குழுக்கள் பங்கேற்ற அவ்விழாவில் பார்வையாளராக நின்ற பிராக், தம்மை மாற்றியது மேடையைவிடத் தம்மைச் சூழ்ந்து நின்ற கூட்டமே என்று பிற்காலத்தில் கூறியுள்ளார். தாம் தனியர் அல்லர் என்னும் துணிவை மக்களுக்குத் தருவதே பாட்டின் ஆற்றல் என்பது அவர் கற்ற பாடம்.

ஆயினும் 1980இல் குழு கலைந்தது. 1981இல் இராணுவத்தில் சேர்ந்தவர், மூன்று மாதங்களில் 175 பவுன் செலுத்தித் தம்மை விடுவித்துக்கொண்டார்.

ஒரு குரல், ஒரு கித்தார்

குழுவை இழந்தவர் தனித்துப் பாடத் துணிந்தார். மின்கித்தார் ஒன்றே துணை, முரசில்லை, பக்கப்பாட்டில்லை. மின்கலத்தால் இயங்கும் ஒலிபெருக்கியை முதுகில் சுமந்து தெருவிலும் பாடினார். யாழைத் தோளிலிட்டு ஊர்தோறும் சென்ற பாணரை இக்காட்சி நமக்கு நினைவூட்டும்.

அவர் அனுப்பிய ஒலிநாடாவை எந்த நிறுவனமும் பொருட்படுத்தவில்லை. எனவே தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்ப்பவர் போல் நடித்து, 'கரிஸ்மா' இசைத்தட்டு நிறுவன அலுவலர் பீட்டர் ஜென்னரின் அறைக்குள் நுழைந்தார்! பயன் விளைந்தது. 1983இல் ஏழே பாடல்கள் கொண்ட முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பின்னர் 'கோ! டிஸ்க்ஸ்' நிறுவனம் அதனை மறுவெளியீடு செய்தது. 2.99 பவுனுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அதன் உறையிலேயே அச்சிட்டிருந்தனர். வாங்குவோரின் பையை எண்ணிப்பார்த்த நேர்மை பங்க் இயக்கம் தந்த கொடையே.

அத்தட்டு புகழடைந்த வரலாறும் சுவையானது. தமக்குப் பசிக்கிறது என வானொலி அறிவிப்பாளர் ஜான் பீல் நிகழ்ச்சியினிடையே கூறக் கேட்ட பிராக், காளான் பிரியாணியுடன் பி.பி.சி. நிலையத்திற்கு விரைந்தார். பீல் ஒரு பாடலை ஒலிபரப்பினார். ஆனால் தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டுவிட்டார். பிரியாணி இல்லாவிடினும் ஒலிபரப்பியிருப்பேன் என்று கூறிய அவர், பின்னர்ச் சரியான வேகத்திலும் அதனை ஒலிக்கச் செய்தார்.

தொழிலாளரோடு தோழமை

1984 மார்ச்சு முதல் ஓராண்டுக்காலம் நடைபெற்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பிராக்கின் பாட்டு நெறியைத் திருப்பியது. தொழிலாளருக்கு நிதி திரட்டும் மேடைகளில் அவர் மூத்த நாட்டுப்புறப் பாடகர்களைச் சந்தித்தார். தாம் புதுமை என்று எண்ணியதை அவர்கள் தலைமுறைகளாகப் பாடிவருவதைக் கண்டார். பங்கின் சீற்றமும் நாட்டுப்புறப் பாட்டின் எளிமையும் இணைந்ததே 1985இல் வெளியான 'போர்களுக்கு இடையே' என்னும் பொருள்படும் இசைத்தட்டு. அது விற்பனை வரிசையில் 15ஆம் இடம் பெற்றது. அதன் உரிமைத்தொகையை வேலைநிறுத்தத் தொழிலாளர் நிதிக்கே வழங்கினார்.

அதே ஆண்டு தொழிற்கட்சிக்கு ஆதரவாக 'ரெட் வெட்ஜ்' என்னும் கலைஞர் அமைப்பு தோன்ற முன்னின்றார். ஆயினும் 1987 தேர்தலில் அக்கட்சி தோற்றது. பாட்டு மட்டுமே உலகை மாற்றிவிடாது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வது அவர்தம் பண்பு.

உரிமைக்குத் தந்த விலை

1991இல் ஒரு சோதனை வந்தது. நான்கு இசைத்தொகுப்புகளுக்கு ஈடாகப் பத்து இலட்சம் பவுன் முன்பணம் என்னும் ஒப்பந்தம் ஏற்பட்டது. பெருஞ்செலவில் விளம்பரம் செய்தும் எதிர்பார்த்த விற்பனை கிட்டவில்லை, நிறுவனமும் நெருக்கடிக்குள்ளாயிற்று. அந்நிலையில் முன்பணத்தின் பெரும்பகுதியைத் திருப்பிக்கொடுத்து ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டார் பிராக். அதற்கு ஈடாகத் தம் பழைய பாடல்களின் உரிமை அனைத்தையும் மீட்டுக்கொண்டார். கையில் வந்த பொருளைத் துறந்து சொல்லுரிமையைக் காத்த இச்செயலே அவர் வாழ்வின் திருப்புமுனை எனலாம். 2006இல் 'மைஸ்பேஸ்' இணையதளத்தின் விதிகள் பாடகர்தம் உரிமையைப் பறிக்கக்கூடும் எனக் கண்டு தம் பாடல்களை அங்கிருந்து நீக்கியதும், அந்நிறுவனம் விதிகளைத் திருத்தியதும் இதன் தொடர்ச்சியே.

தம் சொல்லைக் காத்தவர் பிறர் சொல்லையும் காத்தார். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் ஊடி கத்ரி 1967இல் மறைந்தபோது, இசை வடிவம் அறியப்படாத ஆயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களை எழுத்தில் விட்டுச்சென்றார். அவர் மகள் நோரா கத்ரியின் அழைப்பை ஏற்று, பிராக்கும் 'வில்கோ' என்னும் அமெரிக்கக் குழுவினரும் அவற்றுட் சிலவற்றிற்கு இசையமைத்து, 'மெர்மெய்ட் அவென்யூ' என்னும் தொகுப்பாக 1998இல் வெளியிட்டனர்.

சொந்த ஊரும் சிறைக்கூடமும்

2006இல் பிராக்கின் சொந்தப் பகுதியான பார்க்கிங்–டாகனம் நகரமன்றத்தில் இனவெறிக் கட்சியான பிரித்தானிய தேசியக் கட்சி 12 இடங்களைக் கைப்பற்றியது. நாட்டுப்பற்று வெறுப்பாளரின் உடைமையன்று என வாதிட்டு அவ்வாண்டே அவர் நூலொன்று எழுதினார். ஊருக்குச் சென்று பரப்புரையும் செய்தார். பலர் சேர்ந்து உழைத்ததன் பயனாக 2010 தேர்தலில் அக்கட்சி 12 இடங்களையும் இழந்தது. 2007இல் சிறையாளர்க்கு இசைக்கருவிகள் வழங்கும் பணியையும் பிராக் தொடங்கினார். கித்தாரைக் கற்றுக்கொள்ளும் சிறையாளர் தம் துயரைச் சொல்லால் வெளியிடக் கற்கிறார் என்பது அதன் அடிப்படை.

முடிவுரை

2021இலும் புதிய பாடல் தொகுப்பு வெளியிட்டார் பிராக். அவரைவிட இனிய குரலும் மிக்க செல்வமும் உடைய பாடகர் பலர் உளர். ஆனால் தாம் எழுதியதைத் தாமே பாடி, அதன் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டோர் சிலரே. சுயேச்சை என்பது எவரையும் சாராதிருப்பது அன்று. யாரைச் சார்ந்து நிற்பது என்பதைத் தாமே தெரிவுசெய்வது. சுரங்கத் தொழிலாளரையும், சிறையாளரையும், தம் ஊர் மக்களையும் தெரிவுசெய்தார் பில்லி பிராக். தேர்வில் தோற்ற மாணவரின் கவிதையை வானொலிக்குத் தேர்ந்த அந்த ஆசிரியரின் கணிப்பு பொய்க்கவில்லை.