திருடன் கையில் சாவி கொடுத்த நீதிபதி! - அலாஸ்கா தங்கச் சுரங்க வழக்கு

1898-ல் அலாஸ்காவின் நோம் பகுதியில், ஆன்வில் ஓடையில் தங்கம் கண்டெடுத்த மூவரை ‘அதிர்ஷ்டக்கார ஸ்வீடன்காரர்கள்’ என்றார்கள். அதில் ஒருவர் நார்வேக்காரர் என்பது வேறு கதை! ‘வெளிநாட்டவருக்கு இந்த மண்ணில் என்ன உரிமை?’ என்று வழக்குகள் கிளம்பின.

1900 ஜூலையில் புது நீதிபதி ஆர்தர் நாய்ஸ் வந்திறங்கினார். கூடவே அரசியல் புள்ளி அலெக்ஸாண்டர் மெக்கன்சி. தீர்ப்பு வரும்வரை சுரங்கங்களைப் பார்த்துக்கொள்ள நாய்ஸ் நியமித்த ‘ரிசீவர்’ யார் தெரியுமா? அதே மெக்கன்சி! இத்தனைக்கும், எதிர்த்தரப்பின் உரிமைகளை வாங்கிப்போட்டிருந்தவரே அவர்தான். கையோடு சுரங்கங்களில் ஆட்களை இறக்கினார்.

அப்பீலுக்கும் நாய்ஸ் வழிவிடவில்லை. உரிமையாளர்கள் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். தங்கத்தைத் திருப்பித்தரச் சொன்ன உத்தரவை மெக்கன்சி மதிக்கவே இல்லை. அக்டோபரில் கைது, பிறகு ஓராண்டு சிறை. சில மாதங்களிலேயே உடல்நிலையைக் காரணம் காட்டி, அதிபர் மெக்கின்லியின் மன்னிப்பில் வெளியே வந்துவிட்டார். நாய்ஸுக்கு? 1,000 டாலர் அபராதம், பதவி நீக்கம். அவ்வளவுதான்!