பனி நிலத்தில் பெருங்காயம்

சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் மணக்கும் சரக்கு முழுக்க அயல்நாட்டு இறக்குமதி. அதை மாற்றப் பார்க்கிறது ஓர் இமாலயப் பள்ளத்தாக்கு.

சென்னையில் ரசம், டெல்லியில் தால், குஜராத்தில் கடி. ஊருக்கு ஊர் ருசி மாறினாலும் தாளிப்பில் பெருங்காயம் மட்டும் மாறுவதில்லை. ஆனால் அந்தச் சிட்டிகைக்காக இந்தியா ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளிடம் கையேந்துகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் இறக்குமதி. செலவு சுமார் 10 கோடி டாலர். உலகிலேயே அதிகமாகப் பெருங்காயம் சாப்பிடும் நாட்டில் 2020 வரை அதைப் பயிரிட ஆள் இல்லை.

இந்த நிலையை மாற்றக் கிளம்பியது இமாசலப் பிரதேசம் பாலம்பூரிலுள்ள இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம். 2018இல் ஈரானிலிருந்து விதைகள் வந்தன. 2020 அக்டோபர் 15 அன்று லாஹௌல் பள்ளத்தாக்கின் குவாரிங் கிராமத்தில் முதல் நாற்று நடப்பட்டது.

ஏன் லாஹௌல்? பெருங்காயம் கேரட்டின் தூரத்து உறவு. ஆனால் கேரட்டின் சாதுவான குணம் இதற்கு இல்லை. கடுங்குளிர், வறண்ட காற்று, நீர் தேங்காத மணல்பாங்கான நிலம் எல்லாம் வேண்டும். குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் வேர் உறங்கும். சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் இந்தக் குளிர்ப் பாலைவனம் அதற்குத் தோதான இடம்.

ஆனால் விதையே முதல் வில்லன். நூறு விதை போட்டால் இரண்டுதான் முளைக்கிறது என்றார்கள் விஞ்ஞானிகள். முளைத்த பிறகும் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். பிறகு வேரை அறுத்தால் பால் கசியும். அது காய்ந்து இறுகினால் பெருங்காயம். அதன் காரத்தை அடக்க மாவும் கோந்தும் கலந்த பிறகே டப்பாவில் அடைபட்டுக் கடைக்கு வருகிறது.

இங்கே இன்னொரு சிக்கல். பூப்பதற்கு முன் வேரை அறுத்தால்தான் பால். பூத்து விதைத்தாலோ செடி மடிந்துவிடும். விவசாயிக்கு விற்பதற்குப் பால் வேண்டும், அடுத்த நடவுக்கு விதையும் வேண்டும். ஒரே செடியில் இரண்டும் கிடைக்காது.

லாஹௌலில் பட்டாணியும் உருளைக்கிழங்கும் ஒரே கோடையில் காசாகிவிடுகின்றன. வருடத்துக்கு ஒரே போகம் எடுக்கும் விவசாயி, ஐந்து கோடைகளைப் பணயம் வைத்துக் காத்திருப்பது லேசான காரியமல்ல.

அதனால்தான் 2025இல் பாலம்பூரிலிருந்து வந்த செய்திக்கு மதிப்பு அதிகம். வெறும் 1,300 மீட்டர் உயரத்திலுள்ள நிறுவன வளாகத்திலேயே பெருங்காயச் செடி பூத்து விதை பிடித்தது. இனி விதைக்காவது அயல்நாட்டு வாசலில் நிற்க வேண்டாம் என்ற நம்பிக்கை பிறந்திருக்கிறது.

விதை கைக்கு வந்துவிட்டது. விவசாயியின் வயலில் பாலும் கசிந்து, அது பட்டாணியைவிட நல்ல விலைக்குப் போனால்தான் இந்தக் கதை முடியும். அதுவரை பெருங்காய டப்பா நம்முடையது, வாசனை அயல்நாட்டினுடையது.