பழைய மோட்டார் வண்டியைப் புதுக்குதல்

மக்கள் கைப்பட்ட பொருள்கள் யாவும் காலத்தால் தேய்வன. கூரை மட்கும், கிணறு தூரும், கொழு மழுங்கும். ஆயினும் கூரை வேய்வாரும், கிணற்றில் தூர் எடுப்பாரும், கொழுவைக் காய்ச்சி அடிப்பாரும் நம் ஊர்களில் என்றும் உளர். மோட்டார் வண்டி ஒன்று நின்றுவிட்டால் மட்டும் அதனைப் பழைய இரும்பாக எடைக்கு விற்றலே வழக்கமாயிருக்கின்றது. அவ்வாறு விற்கப்பட இருந்த வண்டி ஒன்றை, அத்தொழிலில் சிறிதும் பயிற்சியில்லாத யாம், கள்ளக்குறிச்சியில் எம் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்து மீண்டும் ஓடச்செய்தோம். அம்முயற்சியில் யாம் கற்றவை, எம்மைப் போன்ற பிற மாணாக்கர்க்கும் பயன்படுமென எண்ணி அவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நம் நாட்டு மோட்டார் வரலாற்றிலே சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1903ஆம் ஆண்டிலேயே சென்னைச் சிம்ஸன் கம்பெனியைச் சார்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பார் நீராவியால் இயங்கும் வண்டி ஒன்றை அமைத்தார். பின்னர் 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை நிறுவி, 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் சிறு வண்டியைச் செய்து விற்றனர். இஃது இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரால் வெளிவந்த வண்டியேயாம். இதன் உருவை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். எம் பாட்டனார் 1966இல் வாங்கியது இவ்வகை வண்டியே. அவர் மறைந்தபின் அது கொட்டகையில் நின்றது. அதன்மேல் வைக்கோல் அடுக்கப்பட்டது. பின்னிருக்கையில் கோழிகள் அடைகாத்தன. எம் தந்தையார் அதனை விற்றுவிட எண்ணியபொழுது, பாட்டியார், "அவரோடு வெள்ளிமலைக்குப் போய்வந்த வண்டி அது, இன்னும் ஒருமுறை அதில் போய்வந்தால் போதும்" என்றார். யாம் ஓராண்டு தவணை கேட்டோம்; தந்தையாரும் இசைந்தார்.

தொடக்கத்திலேயே ஒன்று கூறவேண்டும். புதுக்குவதற்கு எவ்வண்டியும் எளிதன்று. ஆயினும் கற்பார்க்கு ஹெரால்டு ஏற்றதொரு வண்டி. இக்காலத்து வண்டிகளில் உடலும் சட்டமும் பிரிக்கவொண்ணாதவாறு ஒன்றாகவே அமைந்திருக்கும். ஹெரால்டிலோ அடியில் தனிச் சட்டம் உண்டு; உடல் பல பகுதிகளாக அதன்மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டிருக்கும். ஆதலின் ஒரு பகுதி கெட்டால் அதனை மட்டும் கழற்றிச் செப்பனிடலாம். முன்பக்கம் முழுவதும், மட்காப்புகளோடு சேர்ந்து, முன்னோக்கித் திறந்துகொள்ளும். இயந்திரத்தின் இருமருங்கும் சக்கரத்தின்மேல் அமர்ந்துகொண்டே வேலை செய்யலாம். இயந்திரமும் நான்கு சிலிண்டர்களும் 948 கன செண்டிமீட்டர் கொள்ளளவும் உடைய சிறியதே.

கருவி எடுக்குமுன் காகிதம் எடுத்தல் வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று முதற்கண் நோக்குக. அவை ஒவ்வாவிடின் பின்னர்ப் படும் பாடெல்லாம் வீணாகும். 2021ஆம் ஆண்டில் மைய அரசார் இயற்றிய விதிகளின்படி, முதற்பதிவு நிகழ்ந்து 50 ஆண்டு கடந்ததும், சேஸிஸ், உடல், இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாததுமான வண்டியைத் தொன்மை வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். அத்தகைய வண்டியின் எண்ணில் மாநிலக் குறியையடுத்து 'விஏ' என்னும் எழுத்துக்கள் இருக்கும். ஆனால் அவ்வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுது பார்த்தல் போன்றவற்றிற்கன்றி நாள்தோறும் ஓட்டலாகாது. யாம் குடும்பத்தோடு சென்றுவர விழைந்தமையின், வண்டி ஓடத்தொடங்கியபின் பழைய பதிவையே, உரிய கட்டணம் செலுத்திச் சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பித்துக்கொண்டோம்.

இனி, வேலையின் முறையைக் கூறுவாம். எமக்கு வழிகாட்டியவர் எம் தெருவில் வாழும் முதிய மெக்கானிக் ஒருவர். முதல்நாளே இயந்திரத்தை முடுக்கிப் பார்க்க யாம் துடித்தபொழுது அவர் நகைத்து, "தம்பி, ஓடுகிற வண்டி ஆக்குவதைப் பிறகு பார்க்கலாம், முதலில் நிற்கிற வண்டி ஆக்கு" என்றார். அச்சொல்லின் பொருள் அன்று எமக்கு விளங்கவில்லை.

யாம் செய்த முதற்பிழை, ஒரே கிழமையில் வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றியது. கழற்றுதல் எளிது, எது எங்கிருந்து வந்ததென நினைவில் வைத்தலே அரிது. நட்டுகளும் போல்ட்டுகளும் ஒரே வாளியில் கலந்து கிடந்ததைக் கண்டபொழுது எம் ஊக்கம் பாதி குறைந்தது. அதன்பின் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். ஒரு பகுதியைக் கழற்றுமுன் புகைப்படம் எடுத்தோம். அதன் திருகுகளைத் தனிப் பையிலிட்டுப் பெயர் எழுதினோம். அப்பகுதியைச் செப்பனிட்டுப் பூட்டியபின்னரே அடுத்ததைத் தொட்டோம். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியின் உண்மையை அவ்வாளி எமக்குக் கற்பித்தது.

வண்டியின்கீழ் புகுவார் ஜாக்கியை மட்டும் நம்பிப் புகலாகாது. ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. சட்டத்தின் உறுதியான இடங்களில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, வண்டியை அவற்றின்மேல் இறக்கி, கையால் அசைத்துப் பார்த்தபின்னரே கீழே செல்லுதல் வேண்டும். மின்கம்பிகளைத் தொடுமுன் பாட்டரியை நீக்குக. பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். இக்கால வழக்கை எண்ணி முனைகளை மாற்றிப் பூட்டினால் மின்கருவிகள் கெடும். பெட்ரோல் தொட்டியில் ஓட்டையிருப்பின் அதனை வீட்டில் பற்றவைக்க முயலவே கூடாது. வெறுந்தொட்டியென்று நாம் எண்ணுவதில் ஆவி நிறைந்திருக்கும், அது வெடிக்கும்.

துருவைப் பற்றி அடுத்துக் கூறுவாம். துரு மேலே தோன்றும் அளவினதன்று. கதவின் அடியிலும், சட்டத்தின் மூலைகளிலும், ஈரவைக்கோல் தங்கிய இடங்களிலும் ஊசியால் குத்திப் பார்த்தோம். ஊசி இறங்கிய இடமெல்லாம் தகடு போய்விட்டதென அறிந்தோம். அவ்விடங்களை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைக்கும் வேலையை டிங்கரிங் பட்டறையாரிடம் ஒப்புவித்தோம். எஞ்சிய மேல்துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைப் பூசி, உலர்ந்தபின் செம்மண் நிறப் பிரைமர் அடித்தோம். இவ்வேலையைப் பங்குனி, சித்திரை மாதங்களில் வைத்துக்கொண்டது நன்றாயிற்று. மழைக்காலத்து ஈரக்காற்றில், தேய்த்த தகடு சிறிது பொழுதிலேயே மீண்டும் துருவேறும்.

இயந்திரத்திற்கு வருவோம். நெடுநாள் நின்ற இயந்திரத்தை உடனே சுழற்றினால் சிலிண்டரில் ஒட்டிய பிஸ்டன் வளையங்கள் உடையக்கூடும். ஆதலின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, அத்துளைகளில் சிறிது மெல்லிய எண்ணெய் ஊற்றிச் சில நாள் விட்டு, பின்னர்க் கையாலேயே மெல்லச் சுழற்றினோம். நான்காம் நாள் அது அசைந்தது. பழைய எண்ணெயை வடித்துப் புதியது நிரப்பினோம். வால்வுகளின் இடைவெளியை, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், ஓரங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்காக வைத்தோம். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளி ஆயிரத்தில் பதினைந்து பங்கு. பிளக்கின் இடைவெளி இருபத்தைந்து பங்கு. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1, 3, 4, 2. இவ்வெண்கள் சிறியனவாகத் தோன்றினும், இவற்றில் ஒன்று தவறினும் இயந்திரம் இருமும், ஓடாது.

எரிபொருளிலும் காலம் மாறிவிட்டது. ஹெரால்டு பிறந்த நாளில் பெட்ரோலில் ஈயக்கலப்பு இருந்தது; அது வால்வின் இருக்கைகளைக் காத்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஈயமில்லாப் பெட்ரோலே கிடைக்கின்றது. ஆகவே சிலிண்டர் தலையைக் கழற்ற நேர்ந்தபொழுது, லேத்துப் பட்டறையில் கடினமான புது இருக்கைகளைப் பொருத்தச் செய்தோம். இந்நாளில் பெட்ரோலோடு 20 விழுக்காடு வரை எத்தனால் என்னும் சாராயம் கலக்கின்றனர். அது பெரும்பாலும் கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்படுவது. கரும்பு விளையும் எம் ஊரார்க்கு அஃது உவப்பான செய்தியே. ஆனால் பழைய ரப்பர் குழாய்களுக்கு அது பகை. அவை ஊறி வெடித்துப் பெட்ரோல் கசிந்து, சூடான இயந்திரத்தின்மேல் ஒழுகுதல் கூடும். எனவே எத்தனாலைத் தாங்கும் புதுக்குழாய்களை முழுவதும் மாற்றினோம்.

எட்டாம் மாதத்தில் இயந்திரம் ஓடிற்று. பத்தாம் மாதத்தில் வண்ணமும் பூசப்பட்டு வண்டி மின்னியது. அன்றே வெள்ளிமலைக்குப் புறப்பட வேண்டுமெனப் பாட்டியார் கூறினார், எமக்கும் அவாவே. அப்பொழுது முதிய மெக்கானிக் வந்து, "நிற்கிற வண்டி ஆயிற்றா?" என்று வினவினார். அவர் கூறியது பிரேக்கைப் பற்றி என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

எம் வண்டியின் பிரேக் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழியால் இயங்குவது. எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் ஒருசேரப் போகும். மேலும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் குறைந்தது 205 பாகை வெப்பம் வரை கொதியாது. ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். மலையிறக்கத்தில் இடைவிடாது பிரேக்கை மிதித்தால் டிரம்கள் பெரிதும் சூடேறும், எண்ணெய் கொதித்து ஆவியாகும், ஆவி அழுந்துமாதலின் மிதி தரைவரை இறங்கும், வண்டியோ நில்லாது. இதனை அறிந்து, மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்களையும், சக்கர சிலிண்டர்களையும், குழாய்களையும் புதியனவாக்கி, புது எண்ணெய் நிரப்பிக் காற்றை முற்றும் நீக்கினோம்.

சக்கரங்களைக் கழற்றிய அந்நாளிலேதான் மற்றொன்றையும் கண்டோம். ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஓர் எஃகுத் தண்டில் தாங்கப்பெற்றது. அத்தண்டின் அடி, மரைகளோடு கூடியதாய், டிரன்னியன் எனப்படும் வெண்கலத் துண்டினுள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் தண்டு அதனுள் திரும்பும். அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் இடவேண்டும். பலர் கிரீஸ் இட்டுவிடுவர். நாளடைவில் அது காய்ந்து இறுகி, உள்ளே நீர் தங்கித் துருவேற, தண்டு மரையின் அடியில் முறியும். முறிந்தால் சக்கரம் உள்நோக்கி மடிந்துவிடும். எம் வண்டியின் இடப்பக்கத் தண்டைக் கழற்றித் துடைத்தபொழுது, மரையினடியில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பைக் கண்டோம். வெளியிலிருந்து நோக்கினார்க்கு அது தோன்றியிராது. மேலே புதுவண்ணம் பளபளத்துக்கொண்டிருந்தது! பாட்டியாரையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு அவ்வண்டியோடு கொண்டையூசி வளைவில் திரும்பியிருந்தால் என்னாகியிருக்கும் என எண்ணி நெடுநேரம் பேச்சற்று அமர்ந்திருந்தோம்.

நற்பேறாக ஹெரால்டின் முன்னச்சு உறுப்புக்கள் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் வண்டிக்கும் பொதுவாதலின், இங்கிலாந்தில் அவை இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. இரு பக்கத்திற்கும் புதுத் தண்டும் டிரன்னியனும் தருவித்துப் பூட்டினோம். சிறு பொருள்கள் பலவற்றைச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடிப் பெற்றோம். பயணம் இரண்டு மாதம் தள்ளிற்று. பாட்டியார் முகம் சுளித்தார். யாம் வெடித்த தண்டை அவர் கையிற் கொடுத்தோம். அதைப் பார்த்தபின் அவர் ஒன்றும் கூறவில்லை.

முடிவில் ஒரு தை மாதத்து விடியலில் புறப்பட்டோம். கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையின் நீரை நோக்கியவாறு கல்வராயன் மலைமேல் ஏறினோம். அம்மலை ஏறத்தாழ 2,000 முதல் 3,000 அடி உயரமுடையது. அவ்வேற்றத்திற்கு இச்சிறு இயந்திரம் பொறுமையாக இரண்டாம் கியரிலும், செங்குத்தான இடங்களில் முதற் கியரிலும் சென்றது. முதற் கியருக்கு ஒத்தியைவிக்கும் அமைப்பு இல்லாமையால், வண்டி ஓடும்பொழுது அதனை நுழைத்தால் பல் அரைபடும், நின்றபின்னரே இடவேண்டும். ரேடியேட்டரின் வெப்பம் மிகும்போதெல்லாம் மரநிழலில் நிறுத்தினோம். சூடு தணியுமுன் மூடியைத் தொட்டோமில்லை. இறங்குகையிலும் இரண்டாம் கியரிலேயே இறங்கி, இயந்திரத்தையே பிரேக்காகப் பயன்படுத்தினோம். வளைவிற்கு முன்னரே வேகத்தைக் குறைத்தோம். ஏனெனில் ஹெரால்டின் பின்னச்சு ஊசலாடும் வகையினது. வேகமாக வளைகையில் திடீரென மிதியை விட்டால் பின்சக்கரம் உள்மடங்கி வண்டி வழுக்கும். வெள்ளிமலையில் பாட்டியார் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, முன்னிருக்கையிலேயே சிறிது நேரம் கண்மூடி அமர்ந்திருந்தார்.

இம்முயற்சியை மேற்கொள்ள விரும்பும் நண்பர்கள் முதலில் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு பெயரால் விளங்கும் கார் அருங்காட்சியகத்தைக் கண்டுவருக. பழைய வண்டிகள் எவ்வளவு செம்மையாக நிற்கக்கூடும் என்பது விளங்கும். பின்னர்த் தம் ஊர் மெக்கானிக்கை அடுத்து, அவர் கூறுவதைக் குறித்துக்கொள்க. வண்ணத்தை இறுதிக்கு வைக்க. பிரேக்கையும் அச்சையும் முதலில் நோக்குக. எம் மேசைமேல் இன்று அவ்வெடித்த தண்டு காகிதம் பறவாமைக்கு வைக்கப்பட்டிருக்கின்றது. எவ்வேலையையும் முடிந்ததென்று சொல்ல வாயெடுக்குமுன் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்ளுகின்றோம்.