பல்ஸை எண்ணுவதா, இடைவெளியை அளப்பதா?

லேப்வியூவில் மோட்டாரின் வேகத்தை அளப்பது பார்க்க ரொம்ப எளிது. சுழலும் தண்டில் ஒரு காந்தம், பக்கத்தில் ஒரு ஹால் சென்சார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பல்ஸ் வரும். ஒரு நொடியில் வந்த பல்ஸ்களை எண்ணி 60-ஆல் பெருக்கினால் ஆர்பிஎம். நாலைந்து கட்டங்களை வயரால் இணைத்தால் திரையில் எண் வந்துடும்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டாரை எடுத்துக்குவோம். சுமை இல்லாதபோது 1500-ஐ ஒட்டி ஓடும். முழுச் சுமையில் 1440-க்கு இறங்குதுன்னு வச்சுக்குவோம். மோட்டார் எவ்வளவு இழுக்குது என்ற கதை முழுக்க இந்த 60 ஆர்பிஎம்முக்குள்தான் இருக்கு. 1440 என்றால் நொடிக்கு 24 பல்ஸ். அடுத்தது 25, அதாவது 1500. நடுவில் எதுவுமே கிடையாது! உண்மையில் 1470-ல் ஓடினால் திரை 1440, 1500 என மாறி மாறித் தாவும். நாம பார்க்க வேண்டிய விஷயமே மறைந்துபோகிறது.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பல்ஸைக் கூட்டுவது. 60 பல் கொண்ட சக்கரத்தை மாட்டினால் நொடிக்கு வரும் பல்ஸ் எண்ணிக்கையே ஆர்பிஎம். பெருக்கலே வேண்டாம்.

இன்னொன்று, இரண்டு பல்ஸ்களுக்கு இடையிலான நேரத்தை அளப்பது. 1440-ல் அது சுமார் 41.67 மில்லிசெகண்ட். இதை வைல் லூப்புக்குள் மில்லிசெகண்ட் டைமரை வைத்து அளக்காதீர்கள். 41 என்று வந்தால் 1463, 42 என்று வந்தால் 1429; ஒரே ஒரு மில்லிசெகண்டில் 34 ஆர்பிஎம் வித்தியாசம். போதாததற்கு விண்டோஸ் வேறு நடுவில் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். டாக் கார்டில் இருக்கும் கவுன்ட்டரிடம் இந்த வேலையை விடணும். 80 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் இருந்தால் அதே இடைவெளிக்குள் சுமார் 33 லட்சம் துடிப்புகளை எண்ணும். பல் சக்கரத்தோடு இந்த முறையைப் பயன்படுத்தினால், பல்லுக்குப் பல் இடைவெளி கொஞ்சம் மாறும். அதனால் ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரி எடுக்கணும்.

ஆனா இந்த இரண்டாவது வழியில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கு. மோட்டார் நின்றுவிட்டால் அடுத்த பல்ஸ் வரவே வராது. அளவு முடியாததால் திரையில் பழைய 1440 அப்படியே நிற்கும். தலைகீழாக யோசித்துப் பாருங்கள்: அறுந்த சென்சார் வயரும் இதையேதான் செய்யும். அப்போது மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கலாம்.

அதனால் கவுன்ட்டர் ரீடுக்கு ஒரு டைம்அவுட் கொடுங்கள். சுற்றுக்கு ஒரு பல்ஸ் என்றால், 2 நொடி காத்திருப்பு 30 ஆர்பிஎம்முக்குச் சமம். அதற்குக் கீழே எல்லாமே 'பல்ஸ் இல்லை'. திரையில் சுழியம் என்று போடாமல், 'பல்ஸ் இல்லை' என்றே எழுதிக் காட்டுங்கள். சுழியத்தைப் பார்ப்பவர் மோட்டார் நின்றுடுச்சுன்னு கையை உள்ளே விடுவார்.