கொழுப்பை எடுப்பது வேறு, கரைப்பது வேறு

தேகம் மிகவும் பருத்தவரைக் கண்டால் நகைப்பது நம்மவருள் நெடுநாளைய வழக்கமாயிருக்கிறது. சோம்பேறி, வயிற்றுக்கு அடிமை என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். விசாரணையின்றித் தீர்ப்புக் கூறுவது எந்த நியாயஸ்தலத்துக்கும் அடுக்காது. ஆகவே, இவ்விஷயத்தில் வைத்திய சாஸ்திரிகள் திரட்டியுள்ள சாட்சியங்களை நமது வாசகர்கள் முன் வைக்கிறோம்.

உணவிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையைத் தசைகளுக்குள் புகவிடும்படி ஏவுவது கணையத்தில் சுரக்கும் இன்ஸுலின். ஸ்தூலம் மிகுந்தவரிடத்தில் இந்த ஏவலுக்குத் தசையும் ஈரலும் எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்ஸுலினைச் சுரக்கிறது. அநேகரிடத்தில் அது நாளடைவில் களைத்துப்போக, நீரிழிவு குடிபுகுகிறது. 1936-ஆம் வருஷத்திலேயே லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்னும் வைத்தியர், நீரிழிவாளரில் இன்ஸுலினுக்கு இணங்குவோரும் இணங்காதோரும் உண்டென்று பகுத்துக் காட்டினார். இணங்காமைக்குக் காரணம் யாது?

1993-ல் பாஸ்டன் நகரத்தில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மான் முதலியோர், கொழுத்த எலிகளின் கொழுப்பிலிருந்து டி.என்.எப். என்னும் அழற்சிப் பொருள் மிகுதியாக வெளிப்படுவதைக் கண்டனர். அப்பொருளை முறித்தபோது எலிகளிடத்தில் இன்ஸுலின் முன்னிலும் நன்றாக வேலை செய்தது. 2003-ல் அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே ஆராய்ந்து, பருத்த தேகத்தின் கொழுப்பணுக்களிடையே வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாய்த் திரண்டிருப்பதை வெளியிட்டனர். காயம் பட்ட இடத்தைச் சிவந்து வீங்கச் செய்யும் அதே சேனைதான் இங்கே காயமின்றியே பாளையம் இறங்கியிருக்கிறது. கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டையன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

ஆயினும் எதிர்த்தரப்புச் சாட்சியத்தையும் கேட்பதே முறை. 1996-ல் நீரிழிவுள்ள மனிதர்களுக்கு டி.என்.எப். முறிமருந்து கொடுத்துப் பார்த்ததில் இன்ஸுலின் இணக்கம் பெருகவில்லை. அழற்சி ஒரு குற்றவாளிதான். ஆனால் அது மட்டுமே குற்றவாளியன்று.

இவ்வழக்கில் முக்கியமான சாட்சியம் 2004-ல் அமெரிக்காவிலுள்ள ஸெயின்ட் லூயி நகரத்திலிருந்து கிடைத்தது. பருத்த தேகமுள்ள ஸ்திரீகள் 15 பேருக்கு, தோலுக்கடியிலிருந்து ஒவ்வொருவருக்கும் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரங்கள் கழித்துச் சோதித்தபோது, இன்ஸுலின் இணக்கமும் இரத்தத்திலுள்ள அழற்சிக் குறிகளும் இருந்தபடியே இருந்தன. பாரம் குறைந்தது; வியாதி அசையவில்லை.

இதற்கு மாறாக, 2011-ல் இங்கிலாந்தின் நியூகாஸிலில் டெய்லர் என்னும் வைத்தியர், நீரிழிவாளர் 11 பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி ஆகாரமே அளித்தார். ஏழே நாளில் காலைச் சர்க்கரை சாதாரண நிலைக்கு வந்தது. ஈரலிலிருந்த கொழுப்பில் 30 சதவீதம் மறைந்தது. தோலுக்கடியிலிருப்பதை மட்டும் கத்தி எடுக்கிறது. ஈரலிலும் குடலைச் சுற்றியும் இருப்பது அப்படியே நிற்கிறது. ஆகாரக் குறைவோ எல்லாக் களஞ்சியங்களிலும் கை வைக்கிறது. அதிலும் ஈரலில் முதலில் வைக்கிறது. வெள்ளணுச் சேனை கலைவதற்கு இன்னும் காலம் வேண்டும். மிதமிஞ்சிப் பருத்தவர்கள் இரைப்பை ரணசிகிச்சையால் மெலிந்த மூன்று மாதத்தில், அவர்களுடைய கொழுப்பில் அவ்வணுக்கள் குறைந்திருந்ததாகப் பிரான்ஸ் தேசத்தார் 2005-ல் வெளியிட்டனர்.

2017-ல் பிரிட்டனில் வெளியான பெரிய பரீட்சையில், ஆறு வருஷத்துக்குட்பட்ட நீரிழிவுள்ளவர்கள் சில மாதம் சுமார் 850 கலோரி ஆகாரத்தில் இருந்தனர். ஒரு வருஷ முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவு நீங்கியிருந்தனர்; 15 கிலோவும் அதற்கு மேலும் மெலிந்தவரில் 86 சதவீதத்தினர் அந்நிலை பெற்றனர். ஆனால் இரண்டாம் வருஷத்தில் 46 என்பது 36 ஆயிற்று. காரணம் மனவுறுதிக் குறைவு மட்டுமன்று. மெலிந்த தேகம் இழந்த கொழுப்பைத் திரும்பப் பெறவே முயலுகிறது, பசியை மூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. தன் தேகத்தோடேயே நித்தியம் போராடுகிறவனைச் சோம்பேறி என்பது அநியாயம்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறுவோம். கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் நீரிழிவு தீருமென்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தை இழக்கவேண்டாம். இன்ஸுலினோ மாத்திரையோ உட்கொள்ளுகிறவர்கள், வைத்தியரின் மேற்பார்வையின்றி ஆகாரத்தை ஒரேயடியாய்க் குறைக்கவும் வேண்டாம். சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து பிராணாபத்து நேரக்கூடும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. மாத்திரை வழங்கும் ஆஸ்பத்திரிகளிலேயே, ஆகார முறையைக் கற்பித்து மாதந்தோறும் நோயாளிக்குத் துணைநிற்கும் ஏற்பாடும் இருத்தல் வேண்டும். பருத்தவருக்கு வேண்டியது பரிகாசமன்று, பரிகாரமே என்பது நமது திடமான அபிப்பிராயம்.